மூணு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாபஸ் வாங்கினேன்

வேட்புமனு போடுவதுதான் பெரிய வேலை, திரும்ப எடுப்பது ஒரு கையெழுத்துதானே என்று நினைத்திருந்தேன். 2022 பிப்ரவரி 7-ஆம் தேதி அந்த நினைப்பு போயிற்று.

நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். எங்கள் பேரூராட்சியில் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் அண்ணி சுயேச்சையாக நின்றார். மனுவில் ஏதாவது குறை சொல்லித் தள்ளிவிட்டால் என்ன செய்வது என்று அண்ணனுக்குப் பயம். மாற்றாக நிற்பவரும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். "நீயும் ஒண்ணு போட்டு வைம்மா, அப்புறம் எடுத்துக்கலாம்" என்றார். 1000 ரூபாய் டெபாசிட் கட்டி, மனுவைக் கொடுத்து, அரை நாளில் வீடு வந்து சேர்ந்தேன். 5-ஆம் தேதி பரிசீலனையில் எங்கள் இருவர் மனுவையும் ஏற்றுக்கொண்டார்கள். அண்ணி மனுவுக்கு ஒன்றும் ஆகவில்லை, இனி நான் விலக வேண்டும்.

அன்றைக்கே எடுத்துவிடலாம் என்று சாயங்காலம் போனேன். "லிஸ்ட் இன்னும் ரெடியாகலம்மா, திங்கக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நடுவில் ஞாயிறு. திங்கள் மதியம் 3 மணியோடு வாபஸ் நேரம் முடிகிறது. அதாவது கையில் இருப்பது பாதி நாள். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

எனக்கு வேலை பக்கத்து ஊரில். லீவு கேட்கக் கூச்சப்பட்டு, என் மனுவை முன்மொழிந்த சித்தப்பாவிடம் வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். முன்மொழிந்தவர் கொடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கொடுக்கலாம்தான். ஆனால் 'என் சார்பில் இவர் கொடுக்க அதிகாரம் அளிக்கிறேன்' என்று வேட்பாளர் தனியாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பாதியை யாரும் சொல்லவில்லை. சித்தப்பா பதினொரு மணியிலிருந்து வரிசையில் நின்று, ஒரு மணிக்கு மேஜை வரை போன பிறகு, "அத்தாட்சிக் கடிதம் எங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரிசை தொடங்கும் இடத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

போன் வந்ததும் மேலாளரிடம் பாதி உண்மை, பாதி பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அலுவலக வாசலில் கல்யாண மண்டபம் மாதிரி கூட்டம். எடுக்க வந்தவர்கள் கொஞ்சம் பேர்; எடுக்க வைக்க வந்தவர்கள்தான் அதிகம். 2011-ல் பேரூராட்சித் தலைவருக்கு நாம் நேரடியாக ஓட்டுப் போட்டோம். 2019 நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து அதை மாற்றிவிட்டார்கள். இப்போது நமக்கு வார்டு உறுப்பினருக்கு மட்டும்தான் ஓட்டு, தலைவரை அந்த உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் ஒவ்வொரு வார்டும் கணக்கில் வந்துவிட்டது. ஒரு சுயேச்சையை உட்கார வைக்க வேன் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். என்னிடமும் ஒருவர் வந்து, "உங்க அண்ணியையும் சேத்து எடுக்கச் சொல்லுங்களேன்" என்று சிரித்தார். பதில் சொல்ல நேரமில்லை.

உள்ளே போகும்போது மணி 2.35. கடிதத்தைப் பார்த்த எழுத்தர், "மனுவுல தமிழ்ல கையெழுத்து, இதுல இங்கிலீஷ்ல இருக்கு. இது நீங்கதானா?" என்றார். பேங்கில் போடும் பழக்கத்தில் போட்டுவிட்டேன். புதுத் தாள் கேட்டால், "வெளிய ஜெராக்ஸ் கடையில வாங்குங்க" என்கிறார். வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா? பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத்தாள் கிழித்துக் கொடுத்தார். சுவரில் வைத்தே எழுதினேன். தேர்தல் நடத்தும் அலுவலர் மட்டும் பொறுமையானவர். வாக்காளர் அடையாள அட்டையைப் பார்த்தார், யாராவது மிரட்டினார்களா என்று கேட்டார், "கொடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது, தெரியும்ல?" என்றும் கேட்டார். 2.50. ஒப்புகையில் நேரத்தையும் எழுதிக் கேட்டு வாங்கினேன். எழுத்தர் முறைத்தார். முறைக்கட்டும்.

நான் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் வேறொரு வார்டு அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார். 3.05. யார் சொல்லியும் வாங்கவில்லை. அவர் பெயரும் இயந்திரத்தில் ஏறி, ஒரு சின்னமும் கிடைத்தது. தன் வார்டில் தன் ஓரகத்திக்காக ஓட்டுக் கேட்டுக்கொண்டே, "என் பேரு இருக்கும், அதுல அமுக்கிடாதீங்க" என்று வீடு வீடாகச் சொன்னார், பாவம். அப்படியும் பதினேழு பேர் அமுக்கினார்கள். கட்டிய பணமும் போயிற்று. அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டியது.

டெபாசிட் கதை தனி. வாபஸ் வாங்கினால் பணம் திரும்ப வரும், ஆனால் அசல் ரசீது வேண்டும். என்னுடையது அண்ணனின் பைலில் அண்ணி ரசீதோடு சேர்ந்து எங்கோ போய்விட்டது. தேடி எடுக்க ஒரு வாரம். மனு போடும் அன்றே ரசீதை போனில் படம் எடுத்துவிட்டு, அசலைத் தனிக் கவரில் போட்டு வையுங்கள். பிறகு மூன்று நடை. ஒருமுறை அதிகாரி லீவு, ஒருமுறை "பில் போடல". மூன்றாவது முறை ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி வரச் சொன்னார்கள். "5000 ரூபாய்க்கு மேலதானே சார் ஸ்டாம்ப் வேணும், இது ஆயிரந்தானே?" என்றேன். அவர் பக்கத்து மேஜையைப் பார்த்தார். அங்கிருந்தவர் தலையாட்டினார். ஸ்டாம்ப் இல்லாமலே கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஆயிரத்தில் சித்தப்பாவுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தேன். "அடுத்த தடவை அத்தாட்சிக் கடிதத்தையும் சேத்துக் கொடு" என்றார்.