ஸ்நார்கெல் மாடல்: கையைத் தூக்கினால் சோப்பு இழுக்காத பிரச்சினை தீர்ந்தது

நேற்று ராத்திரி 1.2 மீட்டர் உயரத்திலிருந்து நுரை கொட்டியது. மூன்று வாரமாக இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

நான் செய்வது 1958-இல் சிகாகோ தீயணைப்புத் துறைத் தலைவர் ராபர்ட் க்வின் கொண்டுவந்த ஸ்நார்கெல், அதாவது முழங்கை மாதிரி மடங்கும் இரண்டு துண்டுக் கையை உயரத்துக்குத் தூக்கும் தீயணைப்பு வண்டியின் மாடல். அசல் 50 அடி, என்னுடையது 12-இல் ஒரு பங்கு. அசலில் தண்ணீர்தான் போனது. எனக்கு நுரை வேண்டும். எண்ணெய்த் தொட்டியின் உள்சுவரில் பட்டு மெதுவாக வழிந்து இறங்கும் நுரை.

கை, பிஸ்டன், சுழலும் அடித்தளம் எல்லாம் போன மாதமே முடிந்துவிட்டன. தகராறு செய்தது இண்டக்டர் ஒன்றுதான், ஓடும் தண்ணீரின் இழுவிசையால் சோப்பை உறிஞ்சிக் கலக்கும் பாகம். சொட்டுநீர்ப் பாசனத்தில் உரம் கலக்க வைக்கும் வென்சுரிதான் அது, சின்ன அளவில். 10 மி.மீ. பித்தளைக் கம்பியில் லேத் பட்டறையில் 1 மி.மீ. துளை போட்டு வாங்கினேன். அதற்கு அப்புறம் வரும் சரிவுதான் உயிர். தண்ணீர் திடீரென்று அகலத்துக்கு வந்தால் சுழித்து, இழுவிசை போய்விடும். கோணி ஊசியை அரம் போட்டுத் தட்டையாக்கி, அதையே ரீமராக (துளையைச் சீவி அகலமாக்கும் கருவியாக) வைத்துக் கையால் திருகித் திருகிச் சரிவு எடுத்தேன். இரண்டு பித்தளைத் துண்டு வீணாயின. மூன்றாவது கண்ணாடி மாதிரி வந்தது. இந்த மொத்த மாடலில் எனக்கு மிகப் பிடித்த பாகம் அதுதான்.

தரையில் வைத்து ஓட்டினால் சோப்பை அருமையாக இழுத்தது. கையைத் தூக்கினால் பாதி உயரத்திலேயே நின்றுவிடும். முழுசாகத் தூக்கினால் தண்ணீர் திரும்பிச் சோப்புப் பாட்டிலுக்குள் வரும்! இண்டக்டரைச் சந்தேகப்பட்டு பத்து நாள் போயிற்று. கோளாறு மேலே, கையின் நுனியில் நுரை வெளியேறும் நாசிலில் இருந்தது.

நிஜ வண்டியிலும் இதே கணக்குதான். இண்டக்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் அழுத்தம், உள்ளே வரும் அழுத்தத்தில் சுமார் 65 சதவீதத்தைத் தாண்டினால் இழுப்பது நின்றுவிடும். ஒவ்வொரு 10 மீட்டர் உயரமும் ஒரு பார் அழுத்தத்தைத் தின்னும். குழாய் உராய்வு தனி, நாசில் தனி. என் நாசில் துளை 1.5 மி.மீ. இருந்ததால், தரையிலேயே விளிம்பில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. 1.2 மீட்டருக்கு ஏறும் 0.12 பார்தான் அதைக் கவிழ்த்தது. 2 மி.மீ. ட்ரில் பிட் போட்டு அகலப்படுத்தினேன். முதல் தடவையிலேயே பாட்டிலில் மட்டம் இறங்கியது.

துளை பெரிதானதால் வேகம் குறைந்து நுரை தண்ணியாக வந்தது. நாசிலில் நுரைக்காகக் காற்று இழுக்கும் துளைகளுக்கு அப்புறம் டீ வடிகட்டியின் வலையை வட்டமாக வெட்டி வைத்தேன். இப்போது கெட்டியாக விழுகிறது. பாத்திரம் கழுவும் திரவத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் போதும், நேராக ஊற்றினால் டியூபில் நகராது. சோப்பு நுரை சீக்கிரம் வடிந்துவிடும், பரவாயில்லை. தீ வைத்துப் பார்க்கும் எண்ணம் இல்லை, 15 கிலோ எண்ணெய் டின்னில் சாயத் தண்ணீர்தான்.

பம்ப் விஷயம்: மீன்தொட்டி பம்ப் வாங்காதீர்கள், அந்த உயரத்துக்கே மூச்சு வாங்கும். ஆர்.ஓ. வடிகட்டியின் 24 வோல்ட் பூஸ்டர் பம்ப் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். பழையது வாங்கினால் அங்கேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். எனக்கு வந்த முதல் பம்ப், உள்ளே தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்தது. கடைக்காரர் மாற்றித் தரவில்லை.

அடுத்து, சோப்பை அளந்து செலுத்தத் தனி டோசிங் பம்ப் வைத்து, பின்னழுத்தத்தின் தொல்லையே இல்லாமல் செய்ய ஆசை. அதற்கு முன் முழங்கை மூட்டில் டியூப் மடங்குவதைச் சரிசெய்ய வேண்டும். 70 டிகிரிக்கு மேல் மடக்கினால் நுரை விட்டுவிட்டு வருகிறது. சிலிக்கோன் டியூபுக்குள் ஸ்ப்ரிங் நுழைத்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எத்தனை மி.மீ. கம்பி என்று சொல்லுங்கள்.