கத்திரி வெயிலில் கிட்னி: யாருக்கு எவ்வளவு தண்ணீர்?

மே முதல் வாரம் கத்திரி பிறந்ததும் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வது, "நிறையத் தண்ணி குடி." உழைக்கிறவருக்கு இது சரி. கிட்னி செயலிழந்து, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளும் டயாலிசிஸ் நோயாளிக்கு ஆபத்து, குடித்த நீர் சரியாக வெளியேறாது.

வடசென்னையில் காசிமேடு, ராயபுரம் பக்கம் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியும், காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர வைக்காது. மூட்டை தூக்குபவரும் வெல்டிங் பட்டறையில் நிற்பவரும் மணிக்கு 1 லிட்டர் வரைகூட இழக்கலாம். நீர் வற்றினால் உடம்பு கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, மூளையையும் இதயத்தையும் காப்பாற்றப் பார்க்கும். அப்போதும் கிட்னிக்குள் ரத்தக் குழாய் சுருங்காமல் பார்த்துக்கொள்வது புராஸ்டாகிளாண்டின் என்ற, உடம்பே சுரக்கும் பொருள். சாயங்காலம் இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் அதைத்தான் தடுக்கிறது. அவரே பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும், நீர் பிரிய ஃப்ரூசமைடும் சாப்பிடுகிறவராக இருந்தால், சில நாளிலேயே கிரியாட்டினின், அதாவது கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் ஏறிவிடலாம். வலிக்கு அளவோடு பாராசிட்டமால் போதும். வாந்தி, பேதி என்றால் எந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது என்று அன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வெயிலில் வேலை செய்யும்போது 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், சுமார் 200 மில்லி. வேலை இடத்தில் கழிப்பறை இல்லை என்று பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். கழிப்பறை கட்டிக் கொடுக்காத முதலாளிதான் இதற்குப் பொறுப்பு. யூரின் டிகாஷன் நிறத்தில் போய், தொடை, கெண்டைக்கால் தசையும் வலித்தால் வீட்டில் படுக்க வைக்காதீர்கள். தசை சிதைந்து அந்தக் கழிவு கிட்னியை அடைக்கிறது. நேராக ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டயாலிசிஸ் நோயாளிக்குப் பொதுவான கணக்கு: நேற்று 24 மணி நேரத்தில் போன யூரின், அதோடு 500 மில்லி. வியர்க்கும் நாளில் கொஞ்சம் கூட்டலாமா என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். சாம்பார், மோர், ஐஸ் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துவிடுங்கள். தாகத்துக்கு வாய் கொப்பளித்துத் துப்பலாம். ஊறுகாய், கருவாட்டை விட்டாலே தாகம் பாதி அடங்கும். இளநீர் வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம். ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடும்.

பலர் கவனிக்காதது டிரை வெயிட், அதாவது அதிகப்படி நீர் இல்லாதபோது உடம்பின் எடை. டயாலிசிஸில் எவ்வளவு நீர் எடுப்பது என்பதற்கு இதுதான் கணக்கு. மார்கழியில் வியர்வை இல்லை, குழாய்கள் சுருங்கி பிரஷர் ஏறும். மே மாதம் நேர்மாறு: பிரஷர் இறங்கும். வியர்வையில் நீர் போயிருக்க, மெஷினில் பழைய அளவுக்கே நீர் எடுத்தால் பாதியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், தலை சுற்றும். பசி குறைந்து சதை வற்றியிருந்தால் பிசகு வேறு விதம்: எடை பழைய எண்ணிலேயே நிற்கும், உள்ளே நீர் தேங்கியிருக்கும், படுத்தால் மூச்சு வாங்கும். அதனால் பருவம் மாறும்போது டிரை வெயிட்டை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மணிக்கு, எடை கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. 50 கிலோ ஆளுக்கு 4 மணி நேரத்தில் 2.6 லிட்டர்.

பிரஷர் இறங்கிய நாளில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்த இடம், அடைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. காலையும் ராத்திரியும் அதன் மேல் விரல் வைத்துப் பாருங்கள். அதிர்வு இல்லையென்றால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.