மாமனாரின் ஆலை பாஷை

சின்னவனுக்கு மூன்று வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. குடிக்க மைலோ வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், என் கையைத் தூக்கி டின் மேல் வைப்பான். முகத்தைப் பார்க்க மாட்டான்.

18 மாதத்தில் கிளினிக்கில் கொடுத்த கேள்வித்தாளில் ‘வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா?’ என்று இருந்தது. ஆமாம் என்று போட்டுவிட்டேன். கையைப் பிடித்து இழுப்பதும் அதுவும் ஒன்றுதான் என்று நினைப்பு. அந்தத் தப்பு என்னுடையது.

பிறகு சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் அலைச்சல். ஆட்டிசம் என்றார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு மலேசிய அரசு தரும் ஓகேயு அட்டையில் ‘கற்றல் குறைபாடு’ என்று பதிந்தார்கள். பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் சொன்னது: அவன் கண் மட்டத்துக்குத் தரையில் உட்காருங்கள், பொருளை உங்கள் முகத்தருகே பிடியுங்கள், பத்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். அவன் பார்த்தாலோ கை நீட்டினாலோ உடனே கொடுங்கள். ஜாடை பழகினால் பேச்சே வராமல் போய்விடாதா என்றேன். அதெல்லாம் பேச்சைத் தடுக்காது, எந்தப் பிள்ளையும் பேசுவதற்கு முன்னால் கையைத்தான் ஆட்டுகிறது என்றார்.

சொல்லிவிட்டார். வீட்டில் பத்து எண்ணிப் பார்க்க வேண்டுமே! நான் ஆறை எட்டும்போதே மாமியார் பிஸ்கட்டை அவன் வாயில் வைத்துவிடுவார். “ஏம்மா, பிள்ளைய இப்படி ஏங்க விடுற?” தப்பு சொல்லவும் முடியாது. நானும் அதுவரை அப்படித்தான் இருந்தேன். அவன் கேட்க அவசியமே வைத்ததில்லை.

கைகொடுத்தது மாமனார். செம்பனை எண்ணெய் ஆலையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை. மிஷின் சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது, எல்லாம் கை ஜாடைதான். ‘நிறுத்து’ என்றால் முழங்கை வரை தூக்குவார், புருவமும் சேர்ந்து ஏறும். நான் வெட்கப்பட்டுக்கொண்டு செய்ததை அவர் பழக்கத்தில் செய்தார். அவன் பேனாவை உருட்டினால் இவரும் எதிரே உட்கார்ந்து உருட்டுவார். மூன்றாவது வாரம் அவன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். காலி மைலோ குவளையை அவர் கையில் கொண்டுவந்து கொடுக்க இன்னும் இரண்டு மாதம் ஆனது.

போன மாதம் வாசலில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி போனது. சின்னவன் விரலை நீட்டினான். லாரியை யாரும் எடுத்துத் தரப் போவதில்லை. நீட்டிய விரலை இறக்காமலே திரும்பி, தாத்தா பார்க்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தான். அவர் முழங்கை வரை கையைத் தூக்கி ஆட்டினார்.