சனிக்கிழமை வரட்டும் என்று

பதினான்கு வருடம் ரத்தக்குழாய் அறுவைப் பிரிவில் இருந்தேன். சிங்கப்பூரில் அந்தப் பிரிவுக்குச் சர்க்கரை நோயாளிகளின் கால்தான் அன்றாட வேலை. முடிந்தால் அடைப்பை நீக்குவோம். முடியாவிட்டால் விரல், அப்புறம் பாதம், சில சமயம் முழங்காலுக்குக் கீழே.

இப்போது சுகாதாரக் கொள்கை ஆய்வு. "கத்தியை வச்சிட்டு எக்ஸலா?" என்று பழைய சகாக்கள் சிரிக்கிறார்கள். தேக்கா மார்க்கெட்டில் யாராவது கேட்டால் அம்மா இன்னும், "டாக்டர்தான், இப்ப ஆபரேஷன் மட்டும் பண்றதில்லை" என்று சமாளிக்கிறார்.

சேர்ந்த புதிதில் ஒரு செக்யூரிட்டி காவலரின் வீட்டுக்குப் போனேன். வயது அறுபத்திரண்டு, ஒரு கால் இல்லை. மருத்துவமனைக் கோப்பில் அவரைப் பற்றி ஒரே வரி: 'தாமதமாக வந்தவர்'. நானும் எத்தனையோ பேருக்கு அப்படி எழுதியவன்தான். அவர் மனைவி தே ஊற்றிக் கொடுத்தார். மேசையில், கிளினிக் கட்டணத்துக்கு அரசு மானியம் தரும் சாஸ் அட்டை கிடந்தது. 1984இல் வந்த மருத்துவச் சேமிப்பான மெடிசேவ், 2015இல் வந்த மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப், நான் மனப்பாடமாக வைத்திருந்த எல்லாமே அவரிடம் இருந்தன.

"வார்டுல கேட்டப்ப வலி இல்லைன்னு சொன்னேன் டாக்டர். அது நெசம்தான், கால் மரத்துப் போச்சு. ஆனா சாக்ஸ்ல ஈரம் பட்டப்பவே தெரியும். பன்னெண்டு மணி நேர ஷிப்ட், மாத்த ஆள் கிடையாது. சனிக்கிழமை லீவு வரட்டும்னு இருந்தேன்."

மூன்று சனிக்கிழமை போயிருக்கிறது. மூன்றிலும் வேறு ஆள் வராததால் இவரையே கூப்பிட்டிருக்கிறார்கள்.

அறுவையில் பலன் அன்றே தெரியும். தையல் போட்டுக் கையைக் கழுவிவிடலாம். இங்கே அட்டவணையில் 'தாமதம்' என்ற ஒரு கட்டத்தை நான்காகப் பிரிக்க நான்கு மாதம் ஆனது. பணமா, பயமா, மரத்துப்போன காலா, லீவா? சலிப்பான வேலைதான், பொய் சொல்வானேன்.

2023இல் ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசின் நோய்த்தடுப்புத் திட்டம் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரு நிரந்தரக் குடும்ப மருத்துவர் என்பது நல்ல யோசனை. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வருபவருக்கு அந்த கிளினிக் திறந்திருக்குமா?

அதனால் அடுத்த கேள்வித்தாளில் 'உங்கள் வேலை எத்தனை மணிக்கு முடிகிறது?' என்று சேர்த்தேன். "இது மருத்துவக் கேள்வியா?" என்றார் குழுவில் ஒருவர். செவ்வாய்க்கிழமை மறுபடியும் கூட்டம்.