சனிக்கிழமைக் கூடமும் பக்கவாட்டுக் கதவும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தென்மேற்கே உள்ள சாட்ஸ்வொர்த்தில், எங்கள் தெருப் பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமைதோறும் காலை நேரத்தில் ஒரு கூடம் நடத்த வேண்டும் என்று நாங்கள் ஐந்து பேர் முடிவு செய்தபோது, ஒரு மாதத்தில் தொடங்கிவிடலாம் என்றே நம்பினோம். முதல் சனிக்கிழமை வருவதற்குப் பதினொரு மாதங்கள் ஆயின. அந்தக் காலத்தில் நாங்கள் செய்தவற்றையும் தவறவிட்டவற்றையும், இதே வேலையில் இறங்க எண்ணுபவர்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

என் பெற்றோர், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பாக இருந்த மேகசின் பாரக்ஸில் வளர்ந்தவர்கள். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்படி 1960களில் அங்கிருந்தவர்கள் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டபோது, வீட்டுச் சாமான்களோடு தங்கள் பாடசாலைகளையும் கோயில் திருவிழாக்களையும் தாங்களே சுமந்து வந்து இங்கே மறுபடியும் நட்டார்கள். நான் தமிழ் எழுத்துகளைக் கற்றது அப்படி நடப்பட்ட ஒரு மாலை நேரப் பாடசாலையில்தான். இன்று எங்கள் தெருவில் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், இரண்டு சொல் தமிழில் பேசும் பிள்ளையைக் காண்பது அரிது. எனவே தமிழ் எழுத்து, பாட்டு, மாலையில் கிரிக்கெட், பள்ளி விடுமுறையில் பகல் நேர நிகழ்ச்சிகள், எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் தர வேண்டும் என்பதே எங்கள் எண்ணமாக இருந்தது.

கூடத்தை வாடகைக்குக் கேட்டபோதுதான் முதல் கேள்வி எழுந்தது: கேட்பது யார்? தனியாள் பெயரில் ஒரு நாள் விருந்துக்குக் கூடம் கிடைக்கும். வாரந்தோறும் பிள்ளைகளைக் கூட்டுவதற்கு ஓர் அமைப்பு தேவை. சமூக மேம்பாட்டுத் துறையிடம் இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்துகொள்ள 1997ஆம் ஆண்டின் 71ஆம் எண் சட்டம் வழி செய்கிறது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. இதைத் தெரியாமல், 'முடித்துத் தருகிறேன்' என்று பணம் கேட்ட ஒருவரிடம் நாங்கள் ஏறக்குறைய கொடுத்துவிடும் நிலையில் இருந்தோம். யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

கட்டணம் இல்லையே தவிர, உழைப்பு உண்டு. சங்கத்தின் விதிகளை நாமே எழுத வேண்டும். என் தந்தை செயலாளராக இருந்த பழைய சங்கம் ஒன்றின் விதிப்புத்தகத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினோம். அது திரும்பி வந்தது. சங்கம் கலைந்தால் எஞ்சும் பொருளை உறுப்பினர்கள் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று அந்தப் பழைய புத்தகத்தில் இருந்தது. சட்டமோ, எஞ்சுவது இதே போன்ற நோக்கமுள்ள வேறொரு இலாப நோக்கற்ற அமைப்புக்கே சேர வேண்டும் என்கிறது. வருமானத்தையோ சொத்தையோ உறுப்பினர்களுக்குப் பகிரக் கூடாது என்பதையும், பொறுப்பாளர்களுக்கு அந்தச் சொத்தில் உரிமை இல்லை என்பதையும், அமைப்பு அதன் உறுப்பினர்களிலிருந்து வேறான தனிச் சட்ட ஆள் என்பதையும் விதிகளில் எழுதியே ஆக வேண்டும். இரண்டாம் முறை நாங்கள் ஒவ்வொரு விதியையும் தமிழில் பேசி, ஆங்கிலத்தில் எழுதி, ஐவரும் கையெழுத்திட்டோம். நோக்கம் என்ற பகுதியில் தமிழின் பெயரைச் சேர்க்கலாமா என்று ஒருவர் தயங்கினார். நாட்டின் அரசியலமைப்பே ஆறாம் பிரிவில், மதிக்கப்பட்டு வளர்க்கப்பட வேண்டிய சமூக மொழிகளுள் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது என்று நான் எடுத்துக் காட்டிய பிறகு அந்தத் தயக்கம் நீங்கியது.

அடையாள அட்டை நகல்களுக்குக் காவல் நிலையத்தில் சான்றொப்பம் வாங்குவது எளிது, அதற்கும் செலவில்லை. ஆனால் அது பழையதாகிவிட்டால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். எங்கள் விண்ணப்பம் திரும்பி வந்து மறுபடியும் போவதற்குள் நகல்கள் பழையதாகி, ஐந்து பேரும் இன்னொரு முறை வரிசையில் நின்றோம். விதிகளை முற்றிலும் சரிசெய்த பிறகே நகல்களுக்குச் சான்றொப்பம் வாங்குங்கள். பதிவு எண் கிடைத்ததும் வங்கிக் கணக்கைத் திறந்தோம்; பணம் எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தோம்.

அடுத்து வந்ததுதான் எங்களுக்குள் மனவருத்தத்தை உண்டாக்கியது. 2005ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின்படி, தேசியச் சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில், பிள்ளைகளோடு பணிபுரியத் தகுதியற்றவர்களின் பெயர்கள் உள்ளன. எங்களோடு சேர முன்வந்த ஒவ்வொருவரின் பெயரும் அதில் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். நாற்பது ஆண்டுகளாகக் கோயிலில் தேவாரம் சொல்லிக் கொடுத்த மாமா ஒருவர், "என்னையே சந்தேகப்படுகிறீர்களா, அம்மா?" என்று கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. என் படிவத்தையே முதலில் நிரப்பி அவர் முன் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து அவர் தம் படிவத்தைத் தாமே கொண்டுவந்து கொடுத்தார். பெற்றோர் தங்கள் பிள்ளையை நம் கையில் விட்டுச் செல்லும்போது, நம் முகத்தை மட்டுமே நம்பி விட்டுச் செல்லும்படி நாம் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனிக் கூடம். நாங்கள் முதலில் பேசி வைத்த இடத்தில், முன்பணம் கட்டிய பிறகும், எங்கள் சனிக்கிழமைகளுள் இரண்டைத் திருமண வீட்டாருக்குக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் உறுதிமொழியை வாய்ச்சொல்லாகவே வாங்கியிருந்ததால் வாதிட இடமில்லாமல் போயிற்று. இரண்டாவது இடத்தில் எல்லாத் தேதிகளையும் எழுத்தில் வாங்கினோம். அந்தக் கூடத்தை முதன்முறை சுற்றிப் பார்த்தபோது, பக்கவாட்டுக் கதவின் கைப்பிடிகளில் சங்கிலி சுற்றிப் பூட்டு போட்டிருந்ததைக் கண்டேன். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், "திறந்து வைத்தால் நாற்காலிகள் போய்விடும், அம்மா" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். இரண்டு முறை திருட்டு நடந்திருந்தது.

ஆனால் சாட்ஸ்வொர்த்தில் வாழும் எவரும் பூட்டிய கதவை எளிதாகக் கடந்து போக முடியாது. 2000ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி, த்ரோப் என்னும் நடன அரங்கில் பிள்ளைகளுக்கான பகல் நேர நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, யாரோ கண்ணீர்ப்புகைக் குப்பியைத் திறந்துவிட, வெளியேற முண்டியடித்த நெரிசலில் 13 பிள்ளைகள் மாண்டார்கள். என் மகளுக்கும் அப்போது அந்த வயதுதான். அதன் பிறகு நெல்சன் மண்டேலா இங்கே வந்து, பிள்ளைகள் அச்சமின்றிக் கூட ஓர் இடம் வேண்டும் என்று முன்னின்றதால்தான், இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் இளைஞர் மையம் இங்கே எழுந்தது. அந்த வரலாற்றை அறிந்த பிறகும் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே ஒப்பந்தத்தில் கையெழுத்திட என்னால் முடியவில்லை. உள்ளிருந்து தள்ளினால் திறந்து, வெளியிலிருந்து திறக்க முடியாத தள்ளுகம்பி ஒன்றைப் பொருத்தித் தருகிறோம், சங்கிலியை எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். ஒப்புதல் வர ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் காத்திருந்தோம். என் முன்னாள் மாணவர் ஒருவர் கூலி வாங்காமல் அதைப் பொருத்திக் கொடுத்தார். ஒரே நேரத்தில் அறுபது பிள்ளைகளுக்கு மேல் உள்ளே விடுவதில்லை என்றும் எங்களுக்கு நாங்களே வரம்பு வைத்துக்கொண்டோம்.

செப்டம்பர் மாத முதல் சனிக்கிழமை பதினேழு பிள்ளைகள் வந்தார்கள். மரபுரிமை நாளான 24ஆம் தேதி பொது நிகழ்ச்சி வைத்தோம். அன்று நாடு முழுவதும் இறைச்சி சுடும் வழக்கம் உண்டு. எங்களுக்கோ அது புரட்டாசி விரத மாதம். ஆகவே பெரிய பாத்திரத்தில் பீன்ஸ் கறி சமைத்து ரொட்டியோடு பரிமாறினோம். பாட்டில்ப்ரஷ் குடியிருப்பிலிருந்து ஜுலு குடும்பங்களின் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். விதிகளை எழுதும்போதே கூடம் எல்லாருக்கும் உரியது என்று எழுதியிருந்ததால் அது குறித்து எவரிடமும் விவாதிக்க நேரவில்லை. பாட்டியை அவர்கள் 'கோகோ' என்கிறார்கள், நாம் 'ஆயா' என்கிறோம் என்று பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்து, ஒருவர் பாட்டியை மற்றவர் சொல்லால் அழைத்து மகிழ்ந்ததுதான் அன்றைய நிகழ்ச்சிகளுள் எனக்கு மிகவும் பிடித்தது. இப்போது எட்டுப் பேர், இங்குள்ள தமிழர்கள் 'ஐஸ்டெட்ஃபோட்' என்று அழைக்கும் கலைப்போட்டிக்குத் திருக்குறள் மனனம் செய்கிறார்கள். அவர்களுள் இருவர் ஜுலு பிள்ளைகள்.

எங்கள் கணக்காண்டு பிப்ரவரியில் முடிகிறது. அது முடிந்து ஒன்பது மாதங்களுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் பதிவையே இழக்க நேரிடும். ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகை, வரவு, செலவு மூன்றையும் ஒரே பேரேட்டில் எழுதிவிடுகிறோம். அதே பேரேட்டில் நான்காவதாக ஒரு பத்தி உண்டு. வகுப்பு தொடங்கும் முன் இரண்டு பிள்ளைகள் போய்ப் பக்கவாட்டுக் கதவைத் தள்ளித் திறந்து பார்த்துவிட்டு, அதில் தங்கள் பெயரைத் தமிழில் எழுதி வைக்கிறார்கள்.