ரப்பர் விளையில ஓடுற ஏடிவி ஸ்டார்ட் ஆவாம படுத்தினதும், பெட்ரோல் வழியைப் பிடிச்சு அதை எழுப்பினதும்

கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரத்துல இருந்து பேச்சிப்பாறை போற பக்கம் எனக்க மாமாக்கு ரப்பர் விளை, அதாவது ரப்பர் தோட்டம் உண்டு. ஏத்தமும் இறக்கமுமா கெடக்கும், மழை பெஞ்சா செம்மண் வழுக்கும், ஜீப்பு பாதி வரைக்கும்தான் ஏறும். அதனால செகண்ட் ஹேண்ட்ல ஒரு 250 சிசி ஏடிவி, அதாவது காடு மேட்டுல ஓடுற நாலு சக்கர பைக், வாங்கிப் போட்டிருக்காவ, கார்ப்ரேட்டர் (காத்தையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் குடுக்குற சாமான்) வச்ச பழைய மாடல். ரோட்ல ஓட்டுறதுக்குப் பதிவு இல்லாத வண்டி, விளைக்குள்ள மட்டும்தான் ஓடும், பால் கேனை மேல இருந்து ஷீட் அடிக்கிற ஷெட்டுக்கு இறக்குறது அதுதான். பால் வெட்டுற ஆளுகளுக்குத் தெரியும், எடுத்த பால் நேரத்துக்கு கீழ வரலைன்னா கேன்லயே உறைஞ்சு போவும், அப்புறம் அது ஷீட்டுக்கு ஆவாது, ஒட்டுப்பால் விலைக்குத்தான் போவும். அதனால இந்த வண்டி நின்னா மாமாக்கு அன்னைய வரும்படியே நின்ன மாதிரி.

பிப்ரவரி மார்ச்சுல ரப்பர் இலை உதிர்க்கும்போது வெட்டு நிப்பாட்டுவோம்ல, அந்த நேரத்துல வண்டி ஷெட்டுல சும்மா கெடந்துது. புது இலை வந்து வெட்டு ஆரம்பிக்கும்போது எடுத்தா ஸ்டார்ட் ஆவல. செல்ஃப் சுத்துது, எஞ்சின் பிடிக்க மாட்டேங்குது, சோக்கை (பெட்ரோல் கூடுதலா போவ வைக்கிற பிடி) முழுசா இழுத்தா பிடிச்சு ஓடுது, சோக்கை உள்ள தள்ளினதும் செத்துப் போவுது. பக்கத்து டவுன்ல ஒரு கடையில காட்டினதுக்கு அவிய ஸ்பார்க் பிளக்கைக் கூட கழத்திப் பாக்காம கார்ப்ரேட்டர் செட்டோட மாத்தணும், சிடிஐயும் (ஸ்பார்க்குக்கு கரண்ட் குடுக்குற பெட்டி) போயிருக்கும்னு சொல்லி ஒரு பெரிய தொகை சொன்னாவ. மாமா ஒத்துக்கிடுற மாதிரி இருந்தாவ. நான் சொன்னேன், மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுங்க, பாத்துட்டு மாத்தணும்னா மாத்தலாம்னு. "செரி மக்களே, நீ பாரு, ஆனா வண்டிய பிரிச்சுப் போட்டுட்டுப் போயிராத"ன்னாவ.

இதை எழுதுறதே எதுக்குன்னா, இந்த மாதிரி வண்டிக்கு இங்க மெக்கானிக் கெடைக்கிறது கஷ்டம், பைக் மெக்கானிக்குக்கு ஏடிவி பழக்கம் கெடையாது, அதனால நெறைய பேரு பார்ட்ஸா மாத்திக்கிட்டே போறாவ. எஞ்சினுக்கு காத்து, பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன் இந்த நாலும் வேணும், எது வரலன்னு கண்டுபிடிச்சா போதும், அதுக்குப் பெரிய கருவி ஒண்ணும் வேண்டாம்.

முதல்ல பேட்டரி. சும்மா கெடந்த வண்டின்னா இதுலதான் ஆரம்பிக்கணும், ஏன்னா பேட்டரி வீக்கா இருந்தா ஸ்பார்க்கும் வீக்கா இருக்கும், அப்புறம் நாம பாக்குற எல்லா டெஸ்ட்டும் தப்பா காட்டும். மல்டிமீட்டர் வச்சா நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்துல நிக்கும், செல்ஃப் அடிக்கும்போது 10க்கு கீழ ரொம்ப இறங்கக் கூடாது. எங்க வண்டியில 12 வோல்ட்டுக்கு கீழ இருந்துது, கழத்தி ராத்திரி முழுக்க சின்ன சார்ஜர்ல போட்டேன். டெர்மினல்ல வெள்ளையா பூத்திருந்ததை சுடுதண்ணி ஊத்தி கழுவி தொடச்சு இறுக்கினேன். செல்ஃப் நல்லா வேகமா சுத்துச்சு, ஆனா கொறை அப்படியேதான் இருந்துது. செரி, பேட்டரி இல்ல.

உங்க வண்டியில செல்ஃபே சுத்தலன்னா கதை வேற. ஏடிவில ஹேண்டில்ல கில் ஸ்விட்ச், பிரேக் பிடிச்சாதான் செல்ஃப் அடிக்கும்ங்கிற ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச் இப்படி பாதுகாப்புக்குன்னே ஏகப்பட்டது வச்சிருப்பான், சின்னப் பிள்ளைகள் வண்டியில கயிறு கட்டின ஸ்விட்ச்சும் உண்டு, அதுல ஒண்ணு துரு பிடிச்சாலே வண்டி செத்த மாதிரி கெடக்கும். நம்ம ஊர்ல கடல் காத்து அடிக்கிற பக்கம், முட்டம் மண்டைக்காடு சைடுல வண்டி வச்சிருக்கவியளுக்கு இது சீக்கிரமே வரும், ஸ்விட்ச்சுக்குள்ள காண்டாக்ட் கிளீனர் அடிச்சுப் பாருங்க.

அடுத்தது பிளக். எனக்கு இந்த ஒரு சாமான்தான் எல்லாத்தையும் சொல்லும்னு நம்பிக்கை. கொஞ்ச நேரம் செல்ஃப் அடிச்சதும் உடனே கழத்திப் பாக்கணும். நனைஞ்சு பெட்ரோல் வாடை அடிச்சா பெட்ரோல் வருது, எரியலன்னு அர்த்தம். காஞ்சு கெடந்தா பெட்ரோலே வரலன்னு அர்த்தம். கறுப்பா கரி பிடிச்சிருந்தா பெட்ரோல் கூடுதலா போவுது, இல்லன்னா ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கு. வெள்ளையா இருந்தா பெட்ரோல் கொறைவு. லேசான பிரவுன் நெறம் இருந்தா நல்ல எரிப்பு. எங்க பிளக் காஞ்சு வெள்ளையா இருந்துது. அப்பவே எனக்கு முக்கால்வாசி உறுதி, இது சிடிஐ இல்ல, பெட்ரோல்தான்னு.

ஆனாலும் ஸ்பார்க் பாத்துட்டேன். பிளக்கை கேப்ல மாட்டி அதோட உடம்பை எஞ்சின் மெட்டல்ல ஒட்டி வச்சு செல்ஃப் அடிக்கணும், நீலமா பளிச்சுனு விழணும். ஒரு விஷயம் கண்டிப்பா கவனிக்கணும், பிளக் ஓட்டை வழியா பெட்ரோல் ஆவி வெளிய வரும், அந்த ஓட்டைக்குப் பக்கத்துல ஸ்பார்க் காட்டினா தீ பிடிக்கும். ஓட்டையை துணி வச்சு அடைச்சுட்டு, பிளக்கை தள்ளி வச்சுத்தான் பாக்கணும். பக்கத்துல ரப்பர் ஷீட்டும், ஷீட்டைப் புகை போட்டு காய வைக்கிற புகைப்பெரையும் இருக்க இடத்துல இதைச் செய்யவே கூடாது, நான் வண்டியை முற்றத்துக்குத் தள்ளிட்டு வந்துதான் செஞ்சேன்.

இனி பெட்ரோல். டேங்க்ல இருந்து ஒரு கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் பிடிச்சு அசையாம வச்சேன். கொஞ்ச நேரத்துல பாட்டிலுக்கு அடியில தனியா ஒரு அடுக்கு தெரிஞ்சுது, மேல உள்ளது மஞ்சளா, வாடையே ஒரு மாதிரி பழைய வார்னிஷ் வாடை. இப்ப பங்குல வர்ற பெட்ரோல் ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால், 2023 பிப்ரவரில தொடங்கி இப்ப எல்லா இடத்துலயும் அதுதான். எத்தனால் வெள்ளத்தை, அதாவது தண்ணியை இழுக்கும். ஓரளவுக்கு வெள்ளம் கலந்தா ஒண்ணும் தெரியாது, அளவு தாண்டினா எத்தனாலும் வெள்ளமும் சேந்து பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு அடியில போய் இருக்கும். நம்ம மாவட்டத்துல தென்மேற்கும் வடகிழக்கும் ரெண்டு மழையும் பெய்யுது, காத்துல எப்பவும் ஈரம், பாதி டேங்க் பெட்ரோலோட ஷெட்டுல போட்ட வண்டிக்கு இது நடக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். அதுலயும் பெட்காக்கை (டேங்க்குக்கு அடியில பெட்ரோலைத் தெறந்து மூடுற குழாய்) ரிசர்வ்ல வச்சா டேங்க்கோட அடியில இருக்கதைத்தான் இழுக்கும், அதாவது அந்த வெள்ளத்தை. பிரிஞ்ச பெட்ரோலை எந்த கெமிக்கல் ஊத்தியும் பழையபடி ஆக்க முடியாது, மொத்தமா எடுத்துரணும். நாங்க ஒக்க ஒரு கேன்ல இறக்கி மூடி, ஒர்க்ஷாப்புல சாமான் கழுவ வச்சுக்கிடுறோம்னு சொன்னவியளுக்குக் குடுத்துட்டோம். விளையில ஊத்தாதிய, கீழ ஓடையில போய் சேரும்.

டேங்க் காலியானதும் பெட்காக்கை கழத்தினேன், உள்ள இருந்த வலையில துரு தூளும் சேறும். கழுவிப் போட்டுட்டு ஹோஸை பாத்தா வெளிய நல்லா இருக்கு, வளைச்சா வெடிப்பு, உள்பக்கம் கறுப்பா உரிஞ்சு வருது. பழைய ஹோஸுக்கு எத்தனால் ஆவாது. மார்த்தாண்டத்துல ஸ்பேர் கடையில எத்தனால் தாங்குற ஹோஸ்னு கேட்டு வாங்கி, ஃபில்டரையும் புதுசு போட்டேன். இது ரெண்டும் சில்லறை செலவுதான், இதுக்கு யோசிக்கவே கூடாது.

கார்ப்ரேட்டருக்கு வருவோம். திற்பரப்புல ஆட்டோ ஒர்க்ஷாப் வச்சிருக்க ஒரு அண்ணன்கிட்ட போன்ல கேட்டேன், சோக் போட்டா ஓடுது எடுத்தா நிக்குது அண்ணேன்னு. "அது பைலட் ஜெட்டு தம்பி, மெயின் ஜெட்டைத் தொடாத, முதல்ல அதைப் பாரு"ன்னாவ. ஜெட்டுன்னா கார்ப்ரேட்டருக்குள்ள பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை உள்ள பித்தளைத் துண்டு. காரணம் என்னன்னா ஐடில்லயும் கொறைஞ்ச ஆக்ஸிலேட்டர்லயும் பெட்ரோல் பைலட் ஜெட் வழியாத்தான் வரும், அது அடைச்சா பெட்ரோல் பத்தாது, சோக் போட்டா அந்தக் கொறையை ஈடு கட்டும், அதனாலதான் சோக்குல மட்டும் ஓடுது. இந்த ஒரு அடையாளம் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

கார்ப்ரேட்டருக்கு அடியில பெட்ரோல் நிக்கிற கிண்ணம்தான் பௌல், அதோட ஸ்குரூ நாலும் சரியான அளவு ஸ்குரூ டிரைவர் வச்சு பைய தட்டிட்டுத்தான் திருப்பினேன், அளவு மாறினா தலை வழுவிப் போவும், அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல. உள்ள பாத்தா பச்சையும் பழுப்புமா பிசினு ஒட்டியிருக்கு, ஓரத்துல வெள்ளைப் பொடி. பைலட் ஜெட்டை கழத்தி வெளிச்சத்துக்கு நேர பிடிச்சா ஓட்டையே தெரியல. இதுக்கு ஊசியோ இரும்புக் கம்பியோ போடாதிய, பித்தளை ஓட்டை பெருசாயிரும், பெருசானா அந்த ஜெட் அப்புறம் பெட்ரோலை அள்ளிக் குடுக்கும். கரண்ட் வயருக்குள்ள இருக்க மெல்லிய செம்பு இழை ஒண்ணை உருவி, கார்ப் கிளீனர் அடிச்சு ஊற வச்சு, பைய விட்டு எடுத்தேன், மறுபடியும் கிளீனர், அப்புறம் காத்து. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கணும், அடிக்கிற கிளீனர் இன்னொரு ஓட்டை வழியா பீச்சி நேரா மூஞ்சிக்கு வரும். ஐடில்ல காத்து அளவை மாத்துற ஏர் ஸ்குரூவை எடுக்குறதுக்கு முன்ன பைய முட்டும் வரை உள்ள திருப்பி எத்தனை சுத்துன்னு எழுதி வச்சுக்கிட்டேன், திரும்பப் போடும்போது அதே அளவு. ரப்பர் வாஷர், ஓ ரிங் எல்லாத்தையும் தனியா எடுத்து வச்சுட்டுத்தான் கிளீனர் அடிக்கணும், பட்டா உப்பிப் போவும். பௌல் நெறைஞ்சதும் பெட்ரோலை நிப்பாட்டுற ஊசி, ஃப்ளோட் நீடிலோட நுனியில பள்ளம் விழுந்திருக்கான்னும் பாத்துக்கிடுங்க, விழுந்திருந்தா பெட்ரோல் நிக்காம ஓவர்ஃப்ளோ ஹோஸ் வழியா ஒழுவும்.

எல்லாம் மாட்டி, ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை சோப்பு வெள்ளத்துல கழுவி காயப்போட்டு எண்ணெய் தடவிப் போட்டு, புது பெட்ரோல் ஊத்தி அடிச்சதும் பிடிச்சுக்கிச்சு. சோக்கை உள்ள தள்ளினேன், நின்னு ஓடுது. மாமி சாயா கொண்டு வந்தாவ, மாமா முகத்துல அப்பம்தான் சிரிப்பு வந்துது.

ஆனா அதோட முடியல. மறுநாள் பால் கேனோட ஏத்தம் ஏறி இறங்கும்போது வண்டி இழுவை கொறைஞ்சு கொறைஞ்சு நின்னுட்டுது. கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆவுது, கொஞ்ச தூரம் ஓடி திரும்பவும் நிக்குது. இந்த அடையாளமும் மனசுல வச்சுக்கிடுங்க, ஓடி ஓடி நிக்குதுன்னா, ஆற விட்டா எடுக்குதுன்னா, டேங்க் மூடியைத் தெறந்து பாக்கணும். நான் தெறந்ததும் உஸ்னு காத்து உள்ள இழுத்துது. டேங்க்ல இருந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காத்து போவணும், போவலன்னா உள்ள வெற்றிடம் ஆயி பெட்ரோல் இறங்காம பிடிச்சு வச்சுக்கிடும். மூடியில இருந்து ஹேண்டில் பக்கம் போற சின்ன ஹோஸை உருவி ஊதினேன், அடைச்சிருக்கு. தட்டினா உள்ள இருந்து செம்மண் உருண்டை விழுது, குளவி கூடு கட்டி வச்சிருக்கு! வெட்டு நின்ன காலத்துல ஆள் நடமாட்டம் இல்லாத ஷெட்டு, அதுக்கு வசதியா போச்சு. பைலட் ஜெட் அடைப்புல வண்டி ஓடவே இல்லாததால இந்த ரெண்டாவது கொறை வெளிய தெரியாம இருந்திருக்கு. கடையில சொன்னபடி கார்ப்ரேட்டரும் சிடிஐயும் மாத்தியிருந்தாலும் வண்டி அதே ஏத்தத்துலதான் நின்னிருக்கும், அதை நெனச்சாதான் எனக்குக் கோவம் வருது, பாடுபட்டு சம்பாதிக்கிறவன் பணம்லா அது.

எஃப்ஐ வண்டி, அதாவது கார்ப்ரேட்டர் இல்லாம பம்ப் வச்சு பெட்ரோலைப் பீச்சுற வண்டி வச்சிருக்கவிய பைலட் ஜெட்டைத் தேடாதிய. சாவி போட்டதும் டேங்க்ல பம்ப் ரெண்டு மூணு செகண்ட் ங்ங்னு ஓடுற சத்தம் கேக்கணும், கேக்கலன்னா ஃப்யூஸ், ரிலே, பம்ப் கனெக்டர் இதுகள்ல இருந்து ஆரம்பிங்க. பழைய பெட்ரோலும் டேங்க் காத்து ஹோஸும் அந்த வண்டிக்கும் ஒண்ணுதான்.

இப்ப மாமாகிட்ட சொல்லி வச்சிருக்கேன், இலை உதிர ஆரம்பிச்சதும் பெட்காக்கை மூடிட்டு எஞ்சினை தானா நிக்கிற வரை ஓட விடணும், அப்புறம் பௌலுக்கு அடியில இருக்க டிரெயின் ஸ்குரூவைத் தெறந்து மிச்சம் உள்ளதையும் இறக்கணும். டேங்க்கை முழுசா காலி பண்ணணும், இல்லன்னா முழுசா நெறைக்கணும், பாதியில விட்டா உள்ள இருக்க காத்துல இருந்து ஈரம் சேரும். பேட்டரி வயரைக் கழத்தி வைக்கணும். மூடி ஹோஸோட நுனியில ஒரு துண்டு கொசு வலையை வயர் டேக் வச்சுக் கட்டி விட்டுட்டேன், காத்து போவும், குளவி போவாது.