ஐந்தடி உயரத்தில் ஒரு சீற்: விசுவமடு நாட்குறிப்பு

ஜனவரி 24

சின்ன ஒற்றைச் சில்லுச் சைக்கிள் காலுக்கு நன்றாகப் பழகிவிட்டது. கனடாவில் இருந்து வந்த மச்சான் விட்டுவிட்டுப் போனது, 20 அங்குலச் சில்லு. அதிலேயே கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வருகிறேன். ஆரம்பத்தில் சந்தியே கூடிப் பார்த்தது, இப்போது நாய்கூடக் குரைப்பதில்லை. உயரமானது ஒன்று வேண்டும் என்ற ஆசைக்கு இதுதான் காரணம். வேறு பெரிய இலட்சியம் ஒன்றும் கிடையாது.

இரண்டு வகையில் மனம் நிற்கிறது. ஒன்று ஜிராஃப்: மேலே பெடல், கீழே சில்லு, இடையில் செயின். மற்றது சில்லுக்கு மேல் சில்லாக அடுக்கியது. அதில் செயின் இல்லை. மேல் ரயர் கீழ் ரயரில் உரசி அதைச் சுற்றும். உரசும் சில்லுகள் எதிரெதிராகச் சுற்றுவதால், இரண்டு அடுக்கினால் பின்பக்கமாக மிதித்தால்தான் முன்னுக்குப் போகும். மூன்று அடுக்கினால் பழையபடி முன்மிதி. அழகு என்று பார்த்தால் அடுக்குச் சில்லுதான். ஆனால் மாரியில் எங்கள் ஒழுங்கைகளைப் பார்த்தவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கமாட்டார்கள். சேறு பூசிய ரயர் இன்னொரு ரயரை எப்படிப் பிடிக்கும்? ஆகவே ஜிராஃப்.

ஜனவரி 29

தருமபுரத்தில் மாமாவின் வெல்டிங் பட்டறை. படத்தைப் பார்த்துவிட்டு, "உதில ஏறி எங்கையடா போகப்போறாய்?" என்றார்.

"எங்கையும் இல்லை மாமா, சும்மா."

"சும்மா போறதுக்கு ஏன் ஐஞ்சடி?"

கேட்டுக்கொண்டே அளவு நாடாவை எடுத்துவிட்டார். மாமாவைப் பிடிப்பது இதற்காகத்தான்.

சட்டத்துக்கு இரும்புக் குழாய், சில்லுக்கு ஒரு சிறுபிள்ளைச் சைக்கிள், மிச்சத்துக்குப் பழைய லுமாலாச் சைக்கிள் ஒன்று. பிரச்சினை பற்சில்லில் வந்தது. லுமாலாவில் முன்னுக்கு 44 பல், பின்னுக்கு 18. அதை அப்படியே போட்டால் ஒரு மிதிக்குச் சில்லு கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்றுச் சுற்றும். 20 அங்குலச் சில்லு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.6 மீற்றர் போகும் என்றால், ஒரு மிதிக்கு 3.9 மீற்றர். அந்த உயரத்தில் அது சமநிலைக்குச் சரிவராது. மேலே 18 பல், கீழேயும் 18 என்று முடிவு செய்தோம். ஒரு மிதிக்கு ஒரு சுற்று.

அடுத்தது பிறீவீல், பின்னுக்கு மிதித்தால் சில்லைத் திருப்பாமல் சும்மா சுற்றும் பின் பற்சில்லு. ஒற்றைச் சில்லில் பிறேக் என்பதே பின்மிதிதான், அதனால் பெடலும் சில்லும் எப்போதும் சேர்ந்தே சுற்ற வேண்டும். பிறீவீலின் உள்ளே ஒட்டு வைத்து இறுக்கினால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாமா தலையாட்டினார். அது ஹப்பில், அதாவது சில்லின் நடுக் குடத்தில், புரியோடு ஏறி நிற்பது. முன்னுக்கு மிதிக்க மிதிக்க இறுகும், பின்னுக்கு அமத்தினால் கழன்று வரும். பிறேக் பிடிக்க நினைக்கும் அந்த நேரத்தில்தான் கழலும்! அதனால் பிறீவீலை ஹப்போடும் சேர்த்து ஒட்டினார். செயின் ஒன்று மட்டுமட்டாகப் போதுமாக இருந்தது. ஆறடி என்றால் ஒன்றரைச் செயின் தேடியிருக்க வேண்டும்.

பெப்ரவரி 4

விடுமுறை நாள். பெரியப்பாவின் ரக்ரர் பெட்டியை முற்றத்தில் நிறுத்தி, அதில் ஏறி நின்று, அங்கிருந்து சீற்றுக்கு மாறினேன். தலையில் அண்ணனின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெற். அம்மா வெளியில் வரவில்லை, குசினிக்குள் இருந்தே ஏசினா.

இனி நம்ப முடியாத விஷயம்: ஓடுவது சின்னதை விடச் சுகம். தும்புத்தடியை உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள், பிறகு ஒரு பென்சிலை நிறுத்திப் பாருங்கள். நீளமானது ஆறுதலாகச் சாயும், கை போய்ச் சேர நேரம் தரும். அதே கணக்குத்தான் இங்கும். சாய்வது தெரிகிறது, சில்லை அதற்குக் கீழே கொண்டுபோக அவகாசம் கிடைக்கிறது. பயம் வேறு விஷயம். வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுக் கிணறு தெரியும்போது அது தானாக வரும்.

இறங்குவதும் சுலபம். முன்பக்கமாகச் சாய விட்டு, ஒரு கையால் பின்னால் சீற்றைப் பிடித்தபடி, முழங்காலை மடக்கிக் குதிக்க வேண்டும். சீற்றைப் பிடிக்காவிட்டால் சைக்கிள் பின்னால் விழும், நிற்பவர்களின் காலும் போகும்.

பெப்ரவரி 11

அறுவடை தொடங்கிவிட்டது. பெட்டி வயலுக்குப் போய்விட்டது. குளத்துத் தண்ணீர் இந்தப் போகம் நன்றாகக் கிடைத்ததில் எல்லோருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை.

மதிலில் இருந்து ஏறலாம், மாமரத்துக் கிளையைப் பிடித்தும் ஏறலாம். ஆனால் நடுவழியில் இறங்கினால்? தள்ளிக்கொண்டு அடுத்த மதிலைத் தேடிப் போக வேண்டும். இன்று வாய்க்கால் கட்டில் இறங்கிவிட்டு வீடு வரை தோளில் சுமந்து வந்தேன். அப்படி ஒரு சைக்கிள் எனக்கு எதற்கு?

2004 இல் அமெரிக்காவின் மிச்சிகனில் செம் ஏப்ரகாம்ஸ் என்பவர் 35 மீற்றர் உயரமான ஒற்றைச் சில்லை ஓட்டினார். ஓடிய தூரம் எட்டரை மீற்றர். எனக்கு அந்த உயரத்தில் ஆசை இல்லை. நிலத்தில் இருந்து தனியாக ஏறி, தருமபுரம் வரை போய், மாமாவின் பட்டறை வாசலில் இறங்கினால் போதும்.

பெப்ரவரி 19

தனியாக ஏறும் முறை இது. சைக்கிளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். இரண்டு கையும் சீற்றில். வலது பெடல் அடிமட்டத்துக்குக் கிட்ட நிற்க வேண்டும், அப்போதுதான் அதில் பாரம் போட்டாலும் சில்லு அதிகம் ஓடாது. இடது பாதத்தை ரயரின் மேல் வைத்து, விரல் பக்கத்தைச் சட்டத்தோடு அமத்த வேண்டும். ரயருக்கும் சட்டத்துக்கும் இடையில் அகப்பட்ட சப்பாத்துத்தான் இங்கே பிறேக். பிறகு ஒரு எம்பு: வலது கால் பெடலுக்கு, சீற் தொடைகளுக்கு இடையில், இடது கால் ரயரை விட்டு மற்றப் பெடலுக்கு.

எழுதும்போது ஒரு மூச்சில் முடிகிறது. இடது கால் ரயரை விடும் அந்த ஒரு கணம்தான் முழு வில்லங்கமும். அப்போது பிறேக்கும் இல்லை, மிதியும் இல்லை. கால் பெடலைத் தேடிக் கீழே பார்க்கச் சொல்லும். பார்த்தால் முடிந்தது. எம்பும்போது உடம்பு சில்லுக்கு மேலே போய்ச் சேர வேண்டும். பின்தங்கினால் பின்னுக்குத்தான் விழுவோம், அது கெட்ட விழுகை. கொஞ்சம் முன்னுக்குப் போனால் பரவாயில்லை, மிதித்துச் சமாளிக்கலாம், இல்லாவிட்டால் குதிக்கலாம்.

மணலில் பழகாதீர்கள், சில்லு புதையும். பள்ளிக்கூடத்து வலைப்பந்துத் திடல் போன்ற இறுகிய தரைதான் நல்லது.

பெப்ரவரி 27

செயின் தளர்ந்திருந்தது, இறுக்கினேன். ஓடும்போது கழன்றால் மிதியும் இல்லை, பிறேக்கும் இல்லை, ஆகாயத்தில் நாம் மட்டும். ஒவ்வொரு முறையும் ஏற முன் விரலால் அமத்திப் பார்ப்பது நல்லது. சாரத்தோடு ஏறுவதை அம்மாவின் கட்டளைப்படி கைவிட்டாயிற்று.

மார்ச் 7

ஏறிவிட்டேன். மதில் இல்லை, பெட்டி இல்லை, பிடிக்க ஆள் இல்லை. இடது கால் போனதே தெரியவில்லை, பெடல் தானாக வந்து பாதத்துக்குக் கீழே நின்றது. திடலை விட்டு வெளியே வந்து, வீதியோரம் காயப்போட்டிருந்த நெல்லை விலத்தி, ஒழுங்கை வழியே ஓடினேன்.

மூலை வீட்டு ஆச்சி நிமிர்ந்து பார்த்தா. ஆச்சரியப்படுவா என்று நினைத்தேன். "தம்பி, அவ்வளவு உயரத்தில நிக்கிறாய், அந்த முருங்கைக்காயைப் பிடுங்கித் தந்திட்டுப் போவன்" என்றா.

நிற்பதுதானே ஆச்சி முடியாது என்று கத்திக்கொண்டே கடந்து போனேன். நிற்க வேண்டும் என்றால் அரைச் சுற்று முன்னுக்கும் அரைச் சுற்றுப் பின்னுக்குமாகச் சில்லை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சின்னதில் அது வரும், உயரத்தில் இன்னும் பழகவில்லை. வரும் கிழமை அதுதான் வேலை. முருங்கைக்காய் முற்றுவதற்குள் பழகினால் நல்லது.